குட்டி நாடுகளும் பெரிய மைதானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக், காமன்வெல்த், ஆசியப் போட்டி என்று எது வந்தாலும் தொடக்க விழாவுக்கு மறுநாள் எங்கள் மைதானத்தில் ஓட்டத்தைவிடப் பேச்சுதான் அதிகம் நடக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், இரவிபுத்தன்துறை பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஓட்டப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். அமெரிக்காவைப் பற்றியும் சீனாவைப் பற்றியும் அவர்கள் அவ்வளவாகக் கேட்பதில்லை. இரண்டே பேரோடு கொடி பிடித்து வந்தார்களே, அந்த நாடுகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் கேட்டவற்றைப் பதிலோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

சாரே, துவாலு என்று உண்மையிலேயே ஒரு நாடு இருக்கா?

இருக்கிறது. பசிபிக் கடலுக்கு நடுவில் ஒன்பது சின்னத் தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தால் 26 சதுர கிலோமீட்டர் நிலம். நம்ம கன்னியாகுமரி மாவட்டமே தமிழ்நாட்டில் சின்ன மாவட்டம்தான், அதுவே 1,670 சதுர கிலோமீட்டருக்கு மேல். துவாலுவில் சுமார் 11 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். குளச்சல் நகராட்சியின் மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதி. அந்த நாட்டின் ஒலிம்பிக் சங்கத்துக்கு அங்கீகாரம் கிடைத்தது 2007-ல். அடுத்த ஆண்டே பெய்ஜிங்குக்கு மூன்று பேர் போனார்கள்: இரண்டு ஓட்டக்காரர்கள், ஒரு பளுதூக்கும் வீரர். டோக்கியோவுக்கு இரண்டு பேர், பாரிஸுக்கும் இரண்டு பேர்.

அதே கடலில் நவ்ரு என்று இன்னொரு நாடு. 21 சதுர கிலோமீட்டர், சுமார் 12 ஆயிரம் பேர். பாரிஸ் 2024-க்கு அங்கிருந்து வந்தது ஒரே ஒரு 100 மீட்டர் ஓட்டக்காரர். கொடியைப் பிடித்தவரும் அவர்தான், போட்டியில் ஓடியவரும் அவர்தான்.

ஒரே ஆள் வந்தால் அதை அணி என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். இத்தனை பேர் இருந்தால்தான் அணி என்று ஒலிம்பிக்கில் விதி கிடையாது. ஒலிம்பிக் சங்கம் உள்ள 206 நாடுகளும் பகுதிகளும் அழைக்கப்படுகின்றன. ஆள் ஒருவர் என்றாலும் தனிக் கொடி, பெயர்ப் பலகை, பயிற்சியாளர், கூட வரும் அதிகாரி எல்லாம் உண்டு. வென்றால் ஒலிக்கத் தேசிய கீதமும் தயாராக இருக்கும்.

தகுதி நேரத்தை எட்டாமலே இவர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள்?

ஒலிம்பிக்கில் நுழைய பொதுவாக இரண்டு வழி. உலகச் சம்மேளனம் வைத்திருக்கும் தகுதி அளவை எட்ட வேண்டும். இல்லையென்றால் உலகத் தரவரிசையில் மேலே இருக்க வேண்டும். பாரிஸுக்கு ஆண்கள் 100 மீட்டரின் தகுதி அளவு 10.00 விநாடி. இந்தியாவிலேயே இன்னும் யாரும் அதைத் தொடவில்லை என்றால், துவாலுவில் யார் தொடுவார்?

அதனால் மூன்றாவதாக ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். பேச்சுவழக்கில் வைல்டு கார்டு என்கிறோம். எல்லா நாடும் கலந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே ஒதுக்கப்படும் இடம் அது. தடகளத்தில் ஒருவர்கூடத் தகுதி பெறாத நாடு தன்னிடம் இருக்கிற நல்ல ஓட்டக்காரரை அனுப்பலாம். நீச்சலில் ஒரு ஆண், ஒரு பெண் என்று அனுப்பலாம். ஜூடோ, வில்வித்தை, துப்பாக்கிச் சுடுதல் போன்றவற்றிலும் சின்ன அணிகளுக்கென்று சில இடங்கள் இருக்கின்றன. அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு குழு முடிவு செய்கிறது.

100 மீட்டரில் இப்படி வருகிறவர்கள் நேராக போல்ட் போன்ற ஆட்களுக்குப் பக்கத்தில் நிற்பதில்லை. முதலில் ஒரு முன்சுற்று நடக்கும். அதில் முன்னால் வருகிறவர்கள்தான் அடுத்து நடக்கும் ஹீட்ஸ் என்ற முதல் சுற்றில் ஓட முடியும். அந்த முன்சுற்றை நம் தொலைக்காட்சியில் பெரும்பாலும் காட்டுவதில்லை.

இது நியாயமா? நம்ம பையன் 10.5 ஓடியும் வீட்டில் இருக்கான், 11.4 ஓடுகிறவர் ஒலிம்பிக் போறாரே?

மைதானத்தில் ரொம்பச் சூடாகப் பேசப்படுவது இந்தக் கேள்விதான். கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 11.4 ஓடுகிறவர் நம் பையனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. 10.5 ஓடுகிற பையன் போக முடியாததற்குக் காரணம் இந்தியாவிலேயே அவனைவிட வேகமாக ஓடுகிறவர்கள் இருப்பதும், அவர்களே 10.00-ஐ எட்டாததும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. டோக்கியோவில் துவாலுவின் கராலோ மைபுக்கா 11.42 விநாடியில் ஓடினார். அப்போது அது அந்த நாட்டின் தேசியச் சாதனை. 11 ஆயிரம் பேர் உள்ள ஊரில் அதுவரை யாரும் ஓடாத வேகம் அது. ஒழுங்கான ஓடுகளம் இல்லாத தீவிலிருந்து வந்து, உலகமே பார்க்கிற நாளில் தன் நாட்டின் சாதனையை உடைப்பவரைத் தகுதியில்லாதவர் என்று என்னால் சொல்ல முடியாது.

இந்த வாசல் எதற்காக என்று புரிய எரிக் முசாம்பானியின் கதை போதும். எக்குவடோரியல் கினி என்ற ஆப்பிரிக்க நாட்டுக்காரர். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலுக்கு வந்தார். அவர் பயிற்சி எடுத்தது ஒரு ஹோட்டலின் சின்னக் குளத்தில். 50 மீட்டர் நீளக் குளத்தை அவர் பார்த்ததே சிட்னியில்தான். அவருடைய ஹீட்டில் இருந்த மற்ற இரண்டு பேரும் விசிலுக்கு முன்பே பாய்ந்து வெளியேற்றப்பட்டார்கள். அத்தனை பேருக்கு முன்னால் தனி ஆளாக நீந்தினார். கடைசி சில மீட்டர்களில் கை ஓயத் தொடங்கியது, அரங்கமே எழுந்து கத்தியது, 1 நிமிடம் 52.72 விநாடியில் சுவரைத் தொட்டார். அன்று சிலர் சிரித்தார்கள். 2012-ல் அவர் தன் நாட்டு நீச்சல் அணியின் பயிற்சியாளர் ஆனார். நீச்சல் என்றால் என்னவென்று தெரியாத ஒரு நாட்டில் இன்று அதைக் கற்றுக்கொடுக்க ஒருவர் இருக்கிறார். எனக்கு அந்த 1 நிமிடம் 52 விநாடியைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

கடைசியாக வருவதற்கு எதற்கு இவ்வளவு தூரம் போகணும்?

பாரிஸில் பெண்கள் மாரத்தானில் பூடானின் கின்சாங் லாமோ 80-வது ஆளாக, ஓடி முடித்தவர்களில் கடைசியாக வந்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 மணி 52 நிமிடம் 59 விநாடி. நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் 2 மணி 22 நிமிடம் 55 விநாடியில் தங்கம் வென்று ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் சாலையோரம் சனம் கலையவில்லை. சிலர் கூடவே ஓடினார்கள், சைக்கிளில் வந்தார்கள், கைதட்டிக்கொண்டே கோடு வரை கொண்டுவந்து விட்டார்கள். அதே பந்தயத்தில் பாதியில் நின்ற, பெயர் பெற்ற ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். 42 கிலோமீட்டரில் நிற்காமல் முடிப்பதே ஒரு போட்டி.

அப்புறம், எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் சொல்வேன். சோமாலியாவின் சாமியா யூசுஃப் ஓமர் 2008 பெய்ஜிங்கில் 200 மீட்டர் ஓடினார். 32.16 விநாடி, ஹீட்டில் கடைசி. உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்த ஊரில் ஒரு பெண் ஓடப் பழகுவதே ஆபத்தாக இருந்தது. நல்ல பயிற்சியாளர் ஒருவரைத் தேடி ஐரோப்பாவுக்குப் போய்விட வேண்டும், லண்டன் ஒலிம்பிக்கில் இன்னும் நன்றாக ஓட வேண்டும் என்று நினைத்தார். 2012-ல் லிபியாவிலிருந்து இத்தாலிக்குப் படகில் கிளம்பியவர் மத்தியதரைக் கடலில் மூழ்கி இறந்துபோனார். ஒக்கிப் புயலில் ஆளைத் தொலைத்த நம்ம கடலோர வீடுகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கடைசி இடத்துக்கு வருகிறவர்கள் எங்கிருந்து கிளம்பி வந்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

சரி, குட்டி நாடு எதுவும் தங்கம் வாங்கியிருக்கா?

வாங்கியிருக்கிறது. இந்தப் பதிலை எழுதத்தான் இந்தப் பக்கத்தையே தொடங்கினேன் என்று சொல்லலாம்.

பெர்முடாவில் சுமார் 64 ஆயிரம் பேர். டோக்கியோவில் ஃப்ளோரா டஃபி பெண்கள் டிரயத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த பந்தயம்) தங்கம் வென்றார். கோடைக்கால ஒலிம்பிக்கில் இவ்வளவு சின்ன இடம் தங்கம் வென்றது அதுவரை இல்லை. 2008-ல் அவர் பந்தயத்தையே முடிக்கவில்லை. 2012-ல் விழுந்து எழுந்து 45-வது வந்தார். 2016-ல் எட்டாவது. நான்காவது ஒலிம்பிக்கில்தான் தங்கம்.

இத்தாலிக்கு நடுவில் இருக்கும் சான் மரினோவில் 34 ஆயிரம் பேர்தான். டோக்கியோவுக்கு ஐந்து பேரை அனுப்பி மூன்று பதக்கம் கொண்டுபோனார்கள். ஒலிம்பிக் பதக்கம் வென்ற நாடுகளில் மிகக் குறைந்த மக்கள்தொகை அவர்களுடையது. அலெஸாண்ட்ரா பெரில்லி துப்பாக்கிச் சுடுதலில் வெண்கலம் வாங்கி, கலப்பு இரட்டையரில் ஜான் மார்கோ பெர்டியோடு வெள்ளியும் வாங்கினார். 2012-ல் பதக்கத்துக்கான கூடுதல் சுற்றில் தோற்று நான்காவது இடத்தோடு வீடு திரும்பியவர் இவர்.

பாரிஸில் இரண்டு கரீபியன் தீவுகள். டொமினிக்காவில் ஏறத்தாழ 70 ஆயிரம் பேர். தியா லஃபோண்ட் மும்முறைத் தாண்டுதலில் 15.02 மீட்டர் தாண்டி அந்த நாட்டின் முதல் பதக்கத்தையே தங்கமாக வாங்கினார். செயின்ட் லூசியாவில் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர். ஜூலியன் ஆல்ஃபிரட் மழையில் 100 மீட்டரை 10.72-ல் ஓடி, அமெரிக்காவின் ஷகாரி ரிச்சர்ட்சனை இரண்டாவதாக்கினார். 200 மீட்டரில் வெள்ளியும் கிடைத்தது. சின்ன வயதில் பள்ளிச் சீருடையோடு, செருப்பில்லாமல் ஓடிய பெண் அவர்.

117 பேரை அனுப்பிய இந்தியா அதே பாரிஸில் ஒரு வெள்ளி, ஐந்து வெண்கலத்தோடு 71-வது இடத்தில் இருந்தது. தங்கத்தை முதலில் எண்ணுவதால் இந்த இரண்டு தீவுகளும் நமக்கு மேலே.

கிரெனடா என்ற பெயரை நீரஜ் சோப்ரா போட்டியில் கேட்ட ஞாபகம். அது எங்கே?

சரியான ஞாபகம். பாரிஸ் ஈட்டி எறிதலில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர், நீரஜ் 89.45, மூன்றாவதாக 88.54 எறிந்தவர் ஆண்டர்சன் பீட்டர்ஸ். அவர் கிரெனடாக்காரர். 2019, 2022 இரண்டு ஆண்டும் உலக சாம்பியன். கிரெனடாவின் மக்கள்தொகை 1 லட்சத்துப் பத்தாயிரத்தைச் சுற்றித்தான்.

அந்த நாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் கிரானி ஜேம்ஸ். கூயாவ் என்ற மீனவ ஊரில் பிறந்தவர். வெள்ளிக்கிழமை இரவானால் தெருவோரமாக மீன் சுட்டும் பொரித்தும் விற்பார்கள், ஊரே கூடும், அந்த மாதிரி ஊர். குளச்சலிலோ முட்டத்திலோ வளர்ந்தவருக்கு அந்த வாசனை தெரியும். கிரானி 14 வயதில் 400 மீட்டரை 47 விநாடிக்குள் ஓடினார். 18 வயதில் உலக சாம்பியன். 2012 லண்டனில் 43.94 விநாடியில் ஓடி கிரெனடாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம், அதுவும் தங்கம். ரியோவில் வெள்ளி, டோக்கியோவில் வெண்கலம். மூன்று ஒலிம்பிக்கில் மூன்று நிறம். இன்று அந்த நாட்டின் தடகள அரங்கத்துக்கு அவர் பெயர்தான்.

நம்ம மாவட்டத்தில் அவர்களைவிட அதிகம் பேர் இருக்கோமே. அப்புறம் ஏன் நமக்கு ஒரு பதக்கமும் இல்லை?

2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். கிரெனடாவைப்போல 16 மடங்குக்கு மேல். டோக்கியோவில் ஆண்கள், பெண்கள் 400 மீட்டர் தங்கம் இரண்டையும் எடுத்துப்போன பஹாமாஸில் 4 லட்சம் பேர்தான். ஆக, ஆள் குறைவு என்று நாம் சொல்ல முடியாது. ஆரோக்கியம் குறைவு என்றும் சொல்ல மாட்டேன். வள்ளம் தள்ளுகிறவர்களின் தோளையும் தொடையையும் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். திறமையும் இருக்கிறது. இரவிபுத்தன்துறை மணலில் கால்பந்து விளையாடிய மைக்கேல் சூசைராஜ் இந்தியாவுக்காக ஆடியிருக்கிறார்.

கரீபியன் தீவுகளில் இருப்பதும் நம்மிடம் இல்லாததும் ஒரு தொடர்ச்சி. அங்கே பள்ளி விளையாட்டு விழா ஊர்த் திருவிழா மாதிரி நடக்கிறது, அரங்கம் நிறைகிறது. அதில் வென்ற பிள்ளைகள் கரிஃப்டா என்ற இளையோர் போட்டிக்குப் போகிறார்கள். 1972 முதல் பெரும்பாலும் ஆண்டுதோறும் ஈஸ்டர் நேரத்தை ஒட்டி கரீபியன் தீவுகளுக்கு இடையில் நடப்பது அது. உசேன் போல்ட்டும் கிரானி ஜேம்ஸும் அங்கே ஓடியவர்கள்தான். அந்த மைதானத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், உதவித்தொகை கொடுத்துக் கூட்டிப்போகிறார்கள். கிரானி அலபாமாவுக்குப் போனார், பீட்டர்ஸ் மிசிசிப்பிக்கு, ஜூலியன் ஆல்ஃபிரட் முதலில் 14 வயதில் ஜமைக்காவில் ஒரு பள்ளிக்கு, அங்கிருந்து டெக்சாஸுக்கு. 12 வயதில் வேகமாக ஓடுகிற பிள்ளை 22 வயதிலும் ஓடிக்கொண்டிருக்க ஒவ்வொரு கட்டத்திலும் யாராவது ஒருவர் கைகொடுக்கிறார்கள்.

நம்ம ஊரில் பத்தாம் வகுப்பு வந்தவுடன் முதலில் நிற்பது ஓட்டம். "பரீட்சை முடியட்டும் சார், அப்புறம் அனுப்புறேன்" என்கிறார்கள். முடிந்ததும் பிளஸ் டூ, அப்புறம் நீட், இல்லையென்றால் பாஸ்போர்ட். படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலாவதாக நின்ற மாவட்டம் இது, அதில் எனக்கும் பெருமை. ஆனால் வாரத்துக்கு நான்கு சாயங்காலம் எந்தப் பாடத்தையும் கெடுத்துவிடாது.

குட்டி நாடுகள் ஏன் எப்போதும் ஓட்டம், பளு, குத்துச்சண்டை என்றே வருகின்றன?

தனி ஆள் விளையாட்டுக்கு ஒரு திறமைசாலி போதும். ஹாக்கிக்கும் கூடைப்பந்துக்கும் ஒரே தரத்தில் பத்துப் பதினைந்து பேர் வேண்டும், அவர்களோடு மோத உள்ளூரிலேயே நான்கு அணிகள் வேண்டும். பளுதூக்க ஒரு கொட்டகையும் ஒரு கம்பியும் தட்டுகளும் இருந்தால் தொடங்கிவிடலாம். எடைப் பிரிவுகள் இருப்பதால் உருவத்தில் சின்ன ஆளுக்கும் இடமிருக்கிறது.

நவ்ருவின் மார்கஸ் ஸ்டீஃபன் இதற்கு நல்ல சாட்சி. 1990 ஆக்லாந்து காமன்வெல்த்தில் பளுதூக்கி தங்கம் வென்றார். அப்போது நவ்ருவுக்கு ஒலிம்பிக் சங்கமே கிடையாது. 1992 பார்சிலோனாவில் கலந்துகொள்ள அவர் சமோவா நாட்டுக் குடியுரிமை வாங்கிப் போனார். அதற்குப் பிறகுதான் நவ்ரு சொந்தச் சங்கம் அமைத்து 1996-ல் அட்லாண்டாவுக்கு வந்தது. 2007-ல் அவர் அந்த நாட்டின் அதிபரே ஆனார். 2010 டெல்லி காமன்வெல்த்தில் 77 கிலோ பிரிவில் தங்கம் எடுத்ததும் ஒரு நவ்ருக்காரர்தான், யுகியோ பீட்டர். அடுத்த காமன்வெல்த்தில் அதே பிரிவில் நம்ம வேலூர் சதீஷ் சிவலிங்கம் தங்கம் வென்றார்.

அணி விளையாட்டில் விதிவிலக்கு ஃபிஜி. எழுவர் ரக்பி 2016-ல் ஒலிம்பிக்குக்கு வந்ததும் பிரிட்டனை 43-7 என்று நொறுக்கித் தங்கம் வாங்கினார்கள். அது அந்த நாட்டின் முதல் பதக்கம். அதைக் கொண்டாட ஃபிஜி அரசு ஏழு டாலர் நோட்டே அச்சடித்தது. டோக்கியோவிலும் தங்கம், பாரிஸில் வெள்ளி. ஃபிஜியில் ஊர்த் திடலில், கடற்கரையில், கிடைத்ததை உருட்டி ரக்பி ஆடுகிறார்கள். நம்ம கடலோர ஊர்களில் எழுவர் கால்பந்து நடக்கும்போது கரையில் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்று யோசித்தால், அந்த நாடு எப்படி ஜெயித்தது என்று புரிந்துவிடும்.

செலவை யார் பார்க்கிறார்கள்?

பெரும்பகுதியை சர்வதேச ஒலிம்பிக் குழு. தொலைக்காட்சி உரிமையில் வரும் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து, சின்ன நாடுகளின் பயிற்சிக்கும் உதவித்தொகைக்கும் பயணத்துக்கும் கொடுக்கிறார்கள். 2021 முதல் 2024 வரை இதற்கு ஒதுக்கியது 59 கோடி அமெரிக்க டாலர். ஒலிம்பிக் கிராமத்தில் தங்குவதும் சாப்பாடும் வீரர்களுக்கு இலவசம். மீதியை அந்தந்த நாட்டு அரசும் நன்கொடையாளர்களும் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஓடுகளமே இல்லாத தீவில் எங்கே பயிற்சி எடுக்கிறார்கள்?

துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் விமான ஓடுதளம்தான் மிக நீளமான சமதளம். வாரத்தில் சில விமானங்கள்தான் வரும். மற்ற நேரத்தில் சாயங்காலம் ஊரே அங்கே இருக்கும். பந்து விளையாடுவார்கள், நடப்பார்கள், ஓடுவார்கள், புழுக்கமான இரவில் பாய் விரித்துப் படுப்பவர்களும் உண்டு. விமானம் வருமுன் சைரன் ஒலிக்கும், எல்லாரும் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒலிம்பிக் போகிறவர்கள் ஓடிப் பழகுவதும் அங்கேதான். மணலில் ஓடிப் பழகும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

கடல் ஏறி இந்த நாடுகள் மூழ்கிவிடும் என்கிறார்களே?

அந்த பயம் அவர்களுக்கு அன்றாடம் இருக்கிறது. கிரிபாட்டி என்ற தீவு நாட்டின் டேவிட் கடோடாவ் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் பளுதூக்கித் தன் நாட்டுக்கு முதல் தங்கம் வாங்கினார். 2016 ரியோவில் ஒவ்வொரு தூக்குக்குப் பிறகும் மேடையிலேயே ஆடினார். கூட்டம் ரசித்துக் கைதட்டியது. பிறகு கேட்டவர்களிடம், தன் ஊரைக் கடல் தின்றுகொண்டிருப்பதை உலகம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஆடுகிறேன் என்றார். வள்ளவிளை, நீரோடி, இரையுமன்துறை என்று நம்ம கரையிலும் அலை வீடுகளைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கட்டும் கல் சுவரான தூண்டில் வளைவு கேட்டுப் போராடியவர்களின் பிள்ளைகள் அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது சிரிப்பதில்லை.

பக்கத்து நாடுகளில் பூடானும் மாலத்தீவும் எப்படி?

பூடான் 1984-ல் முதல்முறை ஒலிம்பிக் போனபோது வில்வித்தை வீரர்களை மட்டும்தான் அனுப்பியது. 2008 வரைக்கும் அப்படித்தான். அங்கே வில்வித்தை தேசிய விளையாட்டு. டோக்கியோவுக்கு கர்மா என்ற வீராங்கனை சொந்தத் தகுதியிலேயே போனார். முதல் சுற்றில் எதிரே வந்தவர் நம்ம தீபிகா குமாரி, தீபிகாதான் வென்றார்.

மாலத்தீவு 1988 சியோலில் தொடங்கியது. நம்ம மாவட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கடல் புதிதல்ல. தமிழ் வழி வந்த குடும்பங்கள் நிறைய வாழும் மொரிசியஸுக்கு 2008-ல் குத்துச்சண்டையில் புருனோ ஜூலி முதல் பதக்கம் எடுத்துக்கொடுத்தார். இந்தத் தீவுகளெல்லாம் தங்களுக்குள் இந்தியப் பெருங்கடல் தீவு விளையாட்டு என்று தனிப் போட்டி நடத்துகின்றன, 1979-லிருந்து.

பெர்முடா தனி நாடே இல்லையே, அதற்கு மட்டும் எப்படித் தனி அணி?

1996-க்கு முன்னால் விதி இளக்கமாக இருந்தது. பெர்முடா, போர்ட்டோ ரிக்கோ, குவாம், ஹாங்காங் எல்லாம் அப்போதே உள்ளே வந்துவிட்டன. அந்த ஆண்டு முதல், உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட சுதந்திர நாட்டுக்குத்தான் புதிதாக அங்கீகாரம். காமன்வெல்த் இதில் தாராளம். ஒலிம்பிக்கில் இல்லாத நியுவே என்ற தீவு அங்கே உண்டு. 2 ஆயிரம் பேர்கூட இல்லாத அந்தத் தீவு 2022 பர்மிங்ஹாமில் குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கியது.

அப்படியென்றால் கன்னியாகுமரி மாவட்டம் என்று தனி அணி அனுப்பலாமா?

முடியாது. இந்திய அணி வழியாகத்தான் போக வேண்டும்.

கல்ஃபில் பிறந்த என் மகன் அந்த நாட்டுக்காக ஆடலாமா?

அங்கே பிறந்தாலும் இந்திய பாஸ்போர்ட் இருக்கும்வரை அவன் இந்தியாவுக்குத்தான் ஆட முடியும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும், நம் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. சில நாடுகளில் இரண்டும் வைத்துக்கொள்ளலாம். சான் மரினோவுக்கு மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கிக்கொடுத்த மைல்ஸ் அமின் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். தாய்வழிச் சொந்தத்தில் அந்தக் குடியுரிமை கிடைத்தது.

இரண்டு நாட்டுக்கு ஒரே கொடி இருந்தால்?

நடந்திருக்கிறது. 1936 பெர்லினில் லிக்டென்ஸ்டைனும் ஹைட்டியும் ஒரே கொடியோடு வந்துவிட்டதை அங்கே போனபிறகுதான் கவனித்தார்கள். அடுத்த ஆண்டு லிக்டென்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது.

இவர்களை எப்போது, எதில் பார்ப்பது?

ஒலிம்பிக்கில் அரங்கத்தில் தடகளம் தொடங்கும் முதல் இரண்டு நாள் காலைப் பந்தயங்களைப் பாருங்கள். ஆண்கள், பெண்கள் 100 மீட்டர் முன்சுற்றுகள் பெரும்பாலும் அப்போதுதான். செயலியில் பார்த்தால் சுற்று வாரியாகத் தேர்வு செய்யலாம். 2026 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் விளையாட்டுகளைப் பத்தாகச் சுருக்கியிருக்கிறார்கள், ஆனால் சின்ன நாடுகளின் பலமான பளுதூக்குதலும் குத்துச்சண்டையும் அதில் இருக்கின்றன. 2030 காமன்வெல்த் அகமதாபாத்துக்கு வருகிறது. நாகர்கோவிலில் ரயில் ஏறினால் நேரிலேயே பார்த்துவிடலாம். நவ்ரு ஓடும்போது கத்துவதற்கு நம்ம பிள்ளைகள் சிலரையாவது கூட்டிப்போக வேண்டும் என்று ஆசை இருக்கிறது.

என் மகள் நன்றாக ஓடுகிறாள். எங்கே தொடங்கணும்?

பள்ளியின் பி.டி. சாரிடம் முதலில் பேசுங்கள். குறுவட்டப் போட்டி, அதில் வென்றால் மாவட்டம், அப்புறம் மாநிலம் என்று பள்ளி வழியே ஒரு பாதை இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைக்குப் பள்ளி, கல்லூரி, பொதுப்பிரிவு என்று தனித்தனியாகப் பதிவு செய்யலாம். அறிவிப்பு வந்தவுடன் பதியுங்கள், கடைசி நாள் வரை வைத்திருக்க வேண்டாம். நாகர்கோவில் அண்ணா விளையாட்டு அரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலகம் இருக்கிறது. அரசு விளையாட்டு விடுதிகளுக்கான தேர்வு எப்போது என்று அங்கே கேட்டால் சொல்வார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியின் சான்று மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். இதில் ஒரு எண் மாறியிருந்தாலும் போட்டி நாளன்று பிள்ளை வெளியே நிற்க வேண்டிவரும்.

அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ உடனே வேண்டாம். முதல் ஆண்டு சாதாரண ஓட்டக் காலணி போதும். 14 வயதுக்குள் ஒரே போட்டியில் நிறுத்தாமல் ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் பழகட்டும். மாதவிடாய் நாட்களில் வலி இருந்தால் ஓய்வு கொடுங்கள், இல்லையென்றால் வரத் தடையில்லை. இதை அம்மாக்கள் தயங்காமல் பயிற்சியாளரிடம் சொல்லலாம். காலையில் ஒரு முட்டையும், நம்ம வீட்டில் இருக்கிற மீனும் பயறும் போதும், டப்பா பவுடர் எதுவும் வாங்க வேண்டாம். பத்தாம் வகுப்பு வந்தால் நாட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த மட்டும் வேண்டாம். தூத்தூர் பக்கத்தில் இருப்பவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்துக்குக் கூட்டிவரலாம். கட்டணம் எதுவும் இல்லை.